ஜைரோஜெட்: ராக்கெட் சுட்ட பிஸ்டல்

இன்னைக்கு ஒரு துப்பாக்கியோட கதை. வார்ஹாமர் 40,000 கேம் ஆடினவங்களுக்கு போல்ட்டர்னு ஒரு ஆயுதம் ஞாபகம் இருக்கும். அதுல இருந்து வர்ற ஒவ்வொரு தோட்டாவும் ஒரு குட்டி ராக்கெட். பல்லாயிரம் வருஷத்துக்கு அப்புறம் நடக்கற கதைக்குப் பொருத்தமான கற்பனைதான். ஆனா 1960-கள்லயே கலிஃபோர்னியாவில் ஒரு கம்பெனி இதை நிஜமா செஞ்சு, விலை போட்டு வித்தது. கம்பெனி பேரு எம்.பி. அசோசியேட்ஸ். துப்பாக்கி பேரு ஜைரோஜெட். மொத்தமா சுமார் ஆயிரம் பிஸ்டல்தான் செஞ்சாங்க. அதோட அந்தக் கனவு முடிஞ்சது.

ஏன் முடிஞ்சதுன்னு கேட்டா வழக்கமா வர்ற பதில், "காலத்துக்கு முந்தின கண்டுபிடிப்பு." எனக்கு அந்த பதில் மேல நம்பிக்கை இல்லை. தோத்துப்போன எல்லா ப்ராடக்ட்டுக்கும் போடற மாலை அது. ஜைரோஜெட் தோத்ததுக்கான காரணம் அதோட டிசைன்லயே இருக்கு. பள்ளிக்கூட இயற்பியலை வெச்சே அதைக் கண்டுபிடிச்சிடலாம். நான் படிச்சது மெக்கானிக்கல், பாக்கறது சாஃப்ட்வேர் வேலை. நம்ம ஊர்ல இது அதிசயம் இல்லைங்கறதால, படிச்சதை இங்கயாவது கொஞ்சம் யூஸ் பண்ணிக்கறேன்.

முதல்ல சாதாரண துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். தோட்டாவுக்குப் பின்னாடி இருக்கற மருந்து ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துல எரிஞ்சு வாயுவா மாறுது. அந்த அழுத்தம் ஈயக்குண்டை பேரல் வழியா வெளியே தள்ளுது. குண்டு தனக்குக் கிடைக்க வேண்டிய மொத்த வேகத்தையும் பேரலுக்குள்ளயே வாங்கிடும். வெளியே வந்த நொடியில இருந்து வேகம் குறைய ஆரம்பிக்கும். இந்த அழுத்தத்தைத் தாங்க பேரல் தடிமனான எஃகா இருக்கணும். குண்டு முன்னாடி போகும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும். குண்டு தள்ளாடாம போக பேரலுக்குள்ள திருகு வரிகள் வெட்டியிருப்பாங்க. அதுல உரசிப் போகும்போது குண்டு பம்பரம் மாதிரி சுழலும்.

ராபர்ட் மெயின்ஹார்ட், ஆர்ட் பீல்னு ரெண்டு பேர். எம்.பி. அசோசியேட்ஸ்ல இருக்கற எம்மும் பியும் இவங்கதான். இடம் சான் ரமோன், சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம். பீல் அணு ஆயுதம் வடிவமைக்கற லிவர்மோர் ஆய்வகத்துல வேலை பார்த்த இயற்பியலாளர். அவங்க கேட்ட கேள்வி எளிமையானது. இந்த அழுத்தம், உதை, எஃகு எல்லாம் எதுக்கு? தள்ளற வேலையைத் துப்பாக்கி ஏன் செய்யணும்? தோட்டாவே தன்னைத் தள்ளிக்கட்டுமே.

காலத்தையும் யோசிச்சுப் பாருங்க. 1957-ல ஸ்புட்னிக். 1961-ல ககாரின். அப்பல்லோ திட்டத்துல கோடிக்கணக்கான டாலர் கொட்டிட்டு இருக்காங்க. எதிர்காலம்னாலே ராக்கெட்தான்.

அவங்க செஞ்ச தோட்டா 13 மில்லிமீட்டர் விட்டம். உள்ள திட எரிபொருள். அடிப்பக்கம் வாயு வெளியேற நாலு குட்டித் துளைகள். அந்தத் துளைகளை நேரா போடாம கொஞ்சம் சாய்வா போட்டாங்க. வாயு பக்கவாட்டில் சாய்ஞ்சு வெளியேறும்போது ராக்கெட் முன்னாடி போறதோட சுழலவும் செய்யும். பம்பரத்துக்கு சாட்டை தனியா வேண்டாம், பம்பரமே தன்னைச் சுத்திக்கும். ஜைரோஜெட்ங்கற பேரு இந்தச் சுழற்சியில இருந்து வந்ததுதான்.

துப்பாக்கிங்கறது இப்போ வெறும் குழாய். பேரல்ல திருகு வரி இல்லை, அழுத்தம் சேர வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்துல வாயு போறதுக்கு ஓட்டை போட்டிருந்தாங்க. உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு, எடை 600 கிராம் சொச்சம். அன்னைக்கு அமெரிக்க ராணுவம் வெச்சிருந்த கோல்ட் .45 பிஸ்டல் ஒரு கிலோவைத் தாண்டும். ஜைரோஜெட்ல உதை அனேகமா கிடையாது. சத்தமும் டமால்னு வராது, சீறல் மாதிரிதான்.

இதுல நான் ரசிச்ச இடம் சுத்தியல். வழக்கமான துப்பாக்கியில சுத்தியல் பின்னாடி இருந்து அடிக்கும். இதுல சுத்தியல் ராக்கெட்டுக்கு முன்னாடி இருக்கு! ட்ரிக்கரை இழுத்தா அது ராக்கெட்டோட மூக்குல அடிச்சு பின்னாடி தள்ளும். பின்னாடி அசையாம ஒரு ஊசி காத்திருக்கும். ராக்கெட்டோட அடிப்பக்கம் அதுல மோதிப் பத்திக்கும். பத்தின ராக்கெட் முன்னாடி கிளம்பும்போது வழியில நிக்கற சுத்தியலைத் தள்ளிட்டுப் போகும். அப்படித் தள்ளறதுலயே சுத்தியல் அடுத்த தடவைக்குத் தயாராயிடும். ரொம்பக் குறைஞ்ச பாகங்கள், ரொம்ப சுத்தமான டிசைன். நல்ல கோட் படிக்கற மாதிரி இருக்கு.

சரி, கணக்குக்கு வருவோம்.

ராக்கெட் தோட்டாவோட எடை சுமார் 12 கிராம். எரிபொருள் எரியற நேரம் நொடியில எட்டுல ஒரு பங்கு மாதிரி, 0.12 நொடின்னு வெச்சுக்கலாம். எரிஞ்சு முடியும்போது வேகம் நொடிக்கு சுமார் 380 மீட்டர், அதாவது ஒலியோட வேகத்தைத் தாண்டிடுது. அந்த நேரத்துல ராக்கெட் 20 மீட்டர் தூரம் போயிருக்கும். அந்த இடத்துல அதோட ஆற்றல் 700 ஜூலுக்கு மேல. கோல்ட் .45 குண்டு பேரலை விட்டு வரும்போது இருக்கறது சுமார் 470 ஜூல். காகிதத்துல ஜைரோஜெட்தான் ஜெயிக்குது. விளம்பரமும் இதைத்தான் சொல்லும்.

இப்போ அதே கணக்கை 20 மீட்டர்ல போடாம, பேரல் வாயில போட்டுப் பாருங்க. முடுக்கம் சீரா இருக்குன்னு எடுத்துக்கிட்டா, பேரல் நீளம் ஒரு சாண்கூட இல்லாத பிஸ்டல்ல இருந்து ராக்கெட் வெளியே வரும்போது அதோட வேகம் நொடிக்கு சுமார் 30 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் மாதிரி. ஒரு ஸ்பின்னர் வேகமா போடற பந்தோட வேகம் அது. எடையோ 12 கிராம். ஆற்றல் 5 ஜூல்.

ஒரு மீட்டர் தள்ளி 38 ஜூல். மூணு மீட்டர் தள்ளி 110 ஜூல், ஃபாஸ்ட் பவுலர் 140 கிலோமீட்டர் வேகத்துல போடற கிரிக்கெட் பந்தை விட இதுவே கொஞ்சம் கம்மிதான். ராக்கெட் முனை சின்னது, அதனால காயம் வேற மாதிரி இருக்கும், ஒத்துக்கறேன். இருந்தாலும் .45-க்கு சமமா வர்றதுக்கு இந்த ராக்கெட் 12, 13 மீட்டர் பறக்கணும்.

பிஸ்டலை எப்போ எடுப்பாங்க? எதிராளி இருக்கறது ஒரு அறை அளவு தூரத்துல. வேற வழி இல்லாதப்போ கடைசியா கை போற ஆயுதம் அது. அந்தத் தூரத்துல ஜைரோஜெட் இன்னும் கிளம்பிக்கிட்டே இருக்கு. பேரல் வாயை விரலால அடைச்சே ராக்கெட்டை நிறுத்திடலாம்னு இந்தத் துப்பாக்கியைப் பத்தி ஒரு பேச்சு ரொம்ப நாளா உண்டு. மேல சொன்ன எண்களை வெச்சுப் பார்த்தா ராக்கெட் தள்ளற விசை சராசரியா 4 கிலோ எடைக்குச் சமம். பேச்சு ஒரேயடியா பொய்னு தள்ள முடியாது. வெளியே வர்ற வாயு கையைப் பொசுக்கிடும், அது தனி. உயிருக்கு இதை நம்பற ஒருத்தர் கையில கொடுக்கற பொருளைப் பத்தி இப்படி ஒரு பேச்சு வரக்கூடாது.

இந்தப் பிரச்சினை அவங்களுக்கு முன்னாடி யாருக்குமே வரலையா? வந்தது. இதுக்கு ஒரு நீளமான பின்கதை உண்டு, அதுல நம்ம ஊரும் வருது. 1780 செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்ல ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியோட கம்பெனிப் படையை நொறுக்கினப்போ, மைசூர் படைகிட்ட இரும்புக் கூடு போட்ட ராக்கெட்கள் இருந்துச்சு. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அதுல சிலதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனாங்க. அங்க வில்லியம் காங்கிரீவ் அதைப் பார்த்து பிரிட்டிஷ் ராக்கெட்டை உருவாக்கினார். இந்த ராக்கெட் எல்லாத்துக்கும் நீளமா ஒரு கம்பு கட்டியிருக்கும், நம்ம தீபாவளி ராக்கெட் மாதிரியேதான். அந்தக் கம்பை எடுத்தவர் வில்லியம் ஹேல். 1844-ல அவர் வாயுவைச் சாய்வா வெளியேற்றி ராக்கெட்டையே சுழல வெச்சார். ஜைரோஜெட்டோட நாலு சாய்வுத் துளைகளுக்கு அவர்தான் தாத்தா. அப்புறம் திருகு வரி வெட்டின பீரங்கிகள் வந்துச்சு. குறி தப்பாத பீரங்கி கிடைச்சதும் ராணுவங்கள் ராக்கெட்டை ஓரமா வெச்சிட்டாங்க. ஆக இந்த மேட்ச்ல துப்பாக்கி ஒரு தடவை ஏற்கெனவே ஜெயிச்சிருக்கு.

இருபதாம் நூற்றாண்டுல ராக்கெட் திரும்ப வந்துச்சு. வந்தவங்க எப்படி வந்தாங்கன்னு கவனிங்க. இரண்டாம் உலகப்போர் பசூக்காவில் எரிபொருள் முழுக்கக் குழாய்க்குள்ளயே எரிஞ்சு முடிஞ்சிடும். அதனால வெளியே வரும்போதே அதுக்கு முழு வேகம். 1961-ல சோவியத் கொண்டுவந்த ஆர்.பி.ஜி.-7 இன்னும் சாமர்த்தியம். முதல்ல சாதாரண மருந்து ராக்கெட்டை நொடிக்கு 115 மீட்டர் வேகத்துல வெளியே தூக்கி எறியும். பத்து மீட்டர் தாண்டினப்புறம்தான் ராக்கெட் பத்திக்கும். ரெண்டு டிசைன்லயும் ராக்கெட் மெதுவா வெளியே வர விடலை. ஜைரோஜெட் விட்டிச்சு. உதையே வேண்டாம், அழுத்தமே வேண்டாம்னு முடிவு பண்ணினப்புறம் அவங்களுக்கு வேற வழி இல்லை.

மெதுவா வெளியே வர்றதால ஆற்றல் மட்டும் குறையலை, குறியும் போச்சு. கிளம்பற நேரத்துல ராக்கெட்டோட சுழற்சியும் கம்மி. அந்த முதல் சில மீட்டர்ல கிடைக்கற சின்னத் தள்ளாட்டம் கடைசி வரைக்கும் கூட வரும். அடுத்தது அந்த நாலு துளைகள். நாலும் ஒரே அளவு, ஒரே சாய்வா இருக்கணும். ஒண்ணுல சின்னப் பிசிறு இருந்தாலும் ராக்கெட் எரிஞ்சு முடியற வரைக்கும் ஒரு பக்கமாவே தள்ளிக்கிட்டு இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையும் இந்த இடத்துலதான் இருக்கு. சாதாரண துப்பாக்கியில கஷ்டமான வேலை, துல்லியமான வேலை எல்லாம் பேரலுக்குள்ள இருக்கு. அதை ஒரு தடவை ஒழுங்கா செஞ்சா போதும், ஆயிரக்கணக்கான குண்டுகள் அதே பேரல் வழியா போகும். குண்டுங்கறது மலிவான ஈயத்துண்டு. அது கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பேரல் சரி பண்ணிடும். ஜைரோஜெட் இதைத் தலைகீழாக்கிச்சு. துப்பாக்கி எளிமையாச்சு, மலிவாச்சு, லேசாச்சு. ஆனா அந்தக் கஷ்டம் மாயமாகலை. தோட்டாவுக்குள்ள குடிபோயிடுச்சு. ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடற பொருள் ஒவ்வொண்ணும் இப்போ ஒரு துல்லியமான எஞ்சின். சர்வர்ல ஒரு தடவை செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் திரும்பத் திரும்பச் செய்யற சிஸ்டம் பார்த்திருப்பீங்க. டெமோவுல பிரமாதமா ஓடும். மாசக் கடைசியில பில் வரும்போதுதான் புரியும்.

இங்கயும் பில் வந்துச்சு. அன்னைக்கு சாதாரண பிஸ்டல் தோட்டாவுக்கு சென்ட் கணக்குல விலை. ஜைரோஜெட் தோட்டா ஒண்ணு ஒரு டாலருக்கு மேல. 1965-ல அமெரிக்காவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.25 டாலர். ஒரு தடவை ட்ரிக்கர் இழுத்தா கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கூலி சீறிக்கிட்டுப் போயிடும். ஆறு தோட்டா தீர்ந்தா ஒரு நாள் சம்பளத்துல பாதிக்கு மேல காலி. பயிற்சி எடுக்காம யாரும் குறி பார்த்துச் சுட முடியாது, இந்த விலையில யாரும் பயிற்சி எடுக்க முடியாது. நிறைய வித்தா விலை குறையும், விலை குறைஞ்சாதான் நிறைய விக்கும். தோட்டாவை வேற எந்தக் கம்பெனியும் செய்யவும் இல்லை.

லோடு பண்றதும் பாடுதான். மத்த பிஸ்டல்ல ஒரு மேகசினைக் கழட்டி இன்னொண்ணை மாட்டிடலாம். இதுல மேல இருக்கற மூடியைத் திறந்து ராக்கெட்டை ஒவ்வொண்ணா கைப்பிடிக்குள்ள அழுத்தணும். மூடியை மூடற வரைக்கும் விரலால பிடிச்சுக்கணும், இல்லைன்னா வெளியே துள்ளிடும்.

அமெரிக்க ராணுவம் இதைச் சோதிச்சுப் பார்த்தது. வாயு வெளியேறப் போட்ட ஓட்டைகள் வழியா ஈரக்காத்து உள்ள போய், ராக்கெட் சரியா பத்தாம போற பிரச்சினை வந்துச்சு. அப்போ அமெரிக்கா போர் செஞ்சுக்கிட்டு இருந்த இடம் வியட்நாம். சென்னையில அக்டோபர்ல உப்பு டப்பா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு மேல சொல்ல வேண்டாம். கொஞ்சம் ஜைரோஜெட்கள் வியட்நாம் வரைக்கும் போச்சு. ராணுவம் பெரிய ஆர்டர் எதுவும் கொடுக்கலை.

விளம்பரத்துக்கு ஒரு குறையும் இல்லை. 1967-ல வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' பார்த்திருக்கீங்களா? ஜப்பான்ல நிஞ்ஜாக்கள் பயிற்சி எடுக்கற இடத்துல டைகர் தனாகா பாண்டுக்கு ராக்கெட் துப்பாக்கி காட்டுவார். அந்த சீன்ல இருக்கறது ஜைரோஜெட்தான். பார்த்தா செட் டிபார்ட்மென்ட் அட்டையில செஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அது விலைக்குக் கிடைச்ச பொருள். சினிமாவில் அது அட்டகாசமா வேலை செய்யும். எடிட்டிங்ல முதல் மூணு மீட்டர் பிரச்சினை வராது பாருங்க.

அடுத்த வருஷம் சட்டம் குறுக்க வந்துச்சு. மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி ரெண்டு பேரும் 1968-ல சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அரை அங்குலத்துக்கு மேல வாய் இருக்கற ஆயுதங்களை, சில விதிவிலக்கு போக, கையெறி குண்டு இருக்கற பட்டியல்ல சேர்த்தாங்க. பதிவு பண்ணணும், 200 டாலர் வரி கட்டணும். 13 மில்லிமீட்டர்னா .51 அங்குலம். நூறுல ஒரு பங்கு அங்குலத்துல மாட்டிக்கிட்டாங்க! உடனே 12 மில்லிமீட்டர்ல மார்க் 2-ன்னு ஒண்ணு செஞ்சாங்க. வேகமான வேலைதான். ஆனா கொல்லைப்புறச் சுவர் இடிஞ்சுக்கிட்டு இருக்கும்போது வாசல் கதவுக்கு பெயின்ட் அடிச்ச மாதிரி. சிலர் இந்தச் சட்டம்தான் ஜைரோஜெட்டைக் கொன்னுச்சுன்னு எழுதறாங்க. அது நோயாளியைக் கடைசியா பார்த்த டாக்டர் மேல பழி போடற மாதிரிதான் எனக்குப் படுது. வாங்கறதுக்கு ஆள் வரிசையில நின்னிருந்தா 12 மில்லிமீட்டர் ஓடியிருக்கும்.

கம்பெனிக்கும் உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும்னு தோணுது. மரப்பெட்டியில வெச்சு, ராக்கெட் முன்னோடி ராபர்ட் கொடார்ட் உருவம் போட்ட நினைவுப் பதக்கத்தோட பரிசு செட்டா வித்தாங்க. சிப்பாய்க்கு எதுக்குங்க பதக்கம் வெச்ச மரப்பெட்டி? அது அலமாரியில வைக்கறவங்களுக்காக. இன்னைக்கு வரைக்கும் அலமாரியிலதான் இருக்கு. ஒரு தோட்டா நூறு டாலருக்கு மேல போகுது. வாங்கறவங்க அதைச் சுடறது அபூர்வம்.

ஆனா எம்.பி. அசோசியேட்ஸ் கையில இருந்த அந்தக் குட்டிச் சுழல் ராக்கெட் செத்துப் போகலை. இந்தப் பகுதியைப் பலபேர் சொல்றதில்லை, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. அதே ராக்கெட்டோட தலையில வெளிச்சம் தர்ற மருந்தை வெச்சாங்க. சுட ஒரு பேனா அளவு கருவி. விமானம் விழுந்து காட்டுல மாட்டிக்கிட்ட விமானி, தேடி வர்ற ஹெலிகாப்டருக்கு நான் இங்க இருக்கேன்னு காட்டறதுக்காக. அமெரிக்கப் படைகள் இதை வாங்கினாங்க, விமானிகளோட உயிர்காப்புப் பையில வெச்சாங்க.

இப்போ பிஸ்டலைக் கொன்ன குறைகளை ஒவ்வொண்ணா இங்க வெச்சுப் பாருங்க. மெதுவா கிளம்புதா? வானத்தைப் பார்த்துச் சுடும்போது அவசரம் இல்லை. குறி தப்புதா? வானம் பெருசு. ஒண்ணோட விலை அதிகமா? ஒரு விமானிக்குத் தேவைப்படறது கைவிட்டு எண்ணக்கூடிய சில ராக்கெட்டுகள். அதுக்கு ராணுவம் கணக்கு பார்க்காது. உதை இல்லாததும் எடை இல்லாததும் அங்க பெரிய வரம், ஏன்னா சுடறவர் கை உடைஞ்சு கிடக்கலாம். முக்கியமா, வியட்நாம் காட்டுல தலைக்கு மேல இலைக்கூரை அடர்த்தியா இருக்கும். சாதாரண வெளிச்சக் குண்டு கிளைகள்ல முட்டித் திசை மாறி உள்ளேயே விழுந்துடும். இது மேல போகப் போக வேகம் எடுக்கற ராக்கெட். இலைக்கூரைகிட்ட போறப்போதான் அதுக்கு முழு வேகம் வந்திருக்கும். கிழிச்சுக்கிட்டு மேல போய் எரியும்.